புத்தர் நடந்த ஊர்களும் பௌத்த நூல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிக்கும் கயாவுக்கும் போகிற நம் ஊர்க்காரர்கள் சாரநாத்தையும் புத்தகயாவையும் பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விகள் ஒரு வகை. புத்தரின் போதனைப் பாடல்களான தம்மபதத்தைப் புரட்டத் தொடங்கியவர்கள் கேட்பது இன்னொரு வகை. திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்; முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

புத்தர் நேபாளத்துக்காரரா, இந்தியரா? ஒரு முடிவாகச் சொல்லுங்கள்.

பிறந்த லும்பினி இன்றைய நேபாளத்தில், இந்திய எல்லையை ஒட்டிய தெராய்ச் சமவெளியில் இருக்கிறது. ஞானம் பெற்றது, முதன்முதலில் போதித்தது, மறைந்தது எல்லாம் இன்றைய பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும். அவர் காலத்தில் இந்த எல்லைக்கோடே கிடையாது. சாக்கியர், மல்லர், லிச்சவியர் என்ற குலங்களின் நாடுகளும், மகதம், கோசலம் போன்ற அரசுகளும்தான் இருந்தன.

லும்பினி இதுதான் என்பது ஊகமும் அல்ல. அங்கே அசோகர் நட்ட தூண் நிற்கிறது. முடிசூடி இருபது ஆண்டுகள் ஆனபின் தானே நேரில் வந்து வழிபட்டதாகவும், சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்தார் என்பதால் இந்தக் கிராமத்துக்கு வரிச்சலுகை கொடுத்து, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் செலுத்தச் சொன்னதாகவும் அதில் வெட்டியிருக்கிறார். 1896-ல் தூண் கிடைத்தபோது ஊர்ப் பெயரும் கூடவே கிடைத்துவிட்டது.

மொத்தம் எத்தனை இடம் பார்க்கணும்? நாலு என்கிறார்கள், எட்டு என்கிறார்கள்.

இரண்டும் சரி. புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தத்தில் (பாலியில் 'சுத்தம்' என்றால் போதனை உரை) நான்கு இடங்கள் வருகின்றன: பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்தகயா, முதல் போதனை நடந்த சாரநாத், மறைந்த குசிநகர். பிற்கால மரபு சிராவஸ்தி, ராஜகிருகம், வைசாலி, சங்காசியம் என்ற நான்கையும் சேர்த்து எட்டாக்கியது. நேரம் குறைவாக இருந்தால் சங்காசியத்தை விட்டுவிடுங்கள். ராஜகிருகத்தை, அதாவது இன்றைய ராஜ்கிரை, விடாதீர்கள். அங்குள்ள கழுகுமலைப் படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பழைய இலக்கியத்தில் வரும் நிலத்தை அப்படியே கண்ணால் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

நாங்கள் காசி, கயாவுக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கிறோம். இதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக. சாரநாத் காசியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அரை நாள் போதும். கயாவில் பிண்டம் போட்டு முடித்தவர்கள் புத்தகயாவுக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். சாரநாத் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கச் சிற்பம், அதாவது அசோகர் தூணின் உச்சிப் பகுதி, அங்கேதான் இருக்கிறது. 1904-05 அகழாய்வில் கிடைத்தது. முத்திரையில் மூன்று சிங்கங்கள்தான் தெரியும். நேரில் சுற்றிவந்தால் நான்காவதையும் பார்க்கலாம்.

போதி மரம் அதே பழைய மரம்தானா? வழிகாட்டி ஆமாம் என்று சொன்னார்.

இல்லை, அதன் வழித்தோன்றல். அந்த இடத்து மரம் பலமுறை அழிந்து பலமுறை நடப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங், வங்கத்து மன்னன் சசாங்கன் மரத்தை வெட்டியதையும் பூர்ணவர்மன் அதை மறுபடி வளர்த்ததையும் எழுதிவைத்தார். 1876-ல் ஒரு புயலில் முதிய மரம் சாய்ந்தது. இன்று நிற்பது பிரிட்டிஷ் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அதன்பின் நடவைத்த கன்று வளர்ந்தது.

வயதில் மூத்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இலங்கையின் அனுராதபுரத்துக்குப் போக வேண்டும். அசோகர் காலத்தில் அவர் மகள் சங்கமித்தை புத்தகயாவிலிருந்து கொண்டுபோன கிளை அது என்பது மரபு.

சாஞ்சிக்குப் புத்தர் வந்திருக்கிறாரா?

வரவில்லை. பழைய நூல்கள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. சாஞ்சி அசோகரோடு தொடங்குகிறது. இலங்கை வரலாற்று நூல்களின்படி அவர் மனைவி தேவி பக்கத்து விதிசையைச் சேர்ந்த வணிகர் மகள். அவர்கள் மகன் மகிந்தர் இலங்கைக்குப் புறப்படும்முன் தாயைப் பார்த்துவிட்டுப் போனதும் அந்தப் பக்கத்தில்தான்.

வந்தாரா இல்லையா என்று கேட்டுவிட்டு நகர்ந்தால் சாஞ்சியின் சிறப்பு தவறிப்போகும். அங்குள்ள நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் அரசர்களுடையவை அல்ல. இன்ன ஊர்ப் பிக்குணி கொடுத்த கல், இன்ன வணிகரின் மனைவி கொடுத்த குறுக்குச் சட்டம் என்று கொடையாளிகளின் பெயர்கள். தெற்குத் தோரண வாயிலில் ஒரு சிற்பத்தைச் செய்தவர்கள் விதிசையின் தந்த வேலைக்காரர்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கல்வேலை ஏன் அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பது அந்த வரியைப் படித்தால் புரிந்துவிடும்.

ஸ்தூபிக்குள் போக முடியாதா? உள்ளே என்ன இருக்கிறது?

போக முடியாது. உள்ளே கர்ப்பகிருகம் கிடையாது, மண்ணும் செங்கல்லும் கல்லும் அடைத்த திண்மையான மேடு அது. வலம் வருவதுதான் வழிபாடு. நடுவில் சில ஸ்தூபிகளில் எலும்புத் துண்டுகளோ சாம்பலோ வைத்த பேழை இருக்கும், சிலவற்றில் ஒன்றும் இருக்காது. சாஞ்சியின் பெரிய ஸ்தூபியில் எதுவும் கிடைக்கவில்லை. அருகிலிருக்கும் மூன்றாவது ஸ்தூபியில்தான் புத்தரின் முதன்மைச் சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் பெயர் பொறித்த பேழைகள் 1851-ல் கிடைத்தன. லண்டனுக்குப் போய், விடுதலையை ஒட்டித் திரும்பி, 1952-ல் சாஞ்சியிலேயே புது விகாரையில் வைக்கப்பட்டன.

எல்லாப் பேழைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சாரநாத்தின் தர்மராஜிக ஸ்தூபியை 1794-ல் காசியில் கட்டடம் கட்டச் செங்கல் தேடியவர்கள் பெயர்த்தார்கள். உள்ளே கிடைத்த எலும்புகளைக் கங்கையில் விட்டுவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்துப் பிப்ராவாவில் 1898-ல் தோண்டிய பேழைகளோடு கிடைத்த நகைக்கற்களில் ஒரு பகுதி தோண்டியவரின் குடும்பத்திடம் இருந்தது. 2025 மே மாதம் அது ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசு எதிர்த்ததால் ஏலம் நின்றது, ஜூலையில் கற்கள் இந்தியா வந்தன. புனிதப் பொருளை ஏலப் பட்டியலில் எண் போட்டு வைத்ததைப் பார்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

சாஞ்சிச் சிற்பங்களில் தேடித் தேடிப் பார்த்தேன், புத்தரையே காணோமே?

தோரணங்களில் இருக்கிறார், மனித உருவில் இல்லை. காலியான ஆசனம், அரசமரம், பாதச்சுவடு, சக்கரம், ஆளில்லாத குதிரைக்கு மேலே பிடித்த குடை: இவைதான் அவர். புத்தர் வீட்டைத் துறந்து குதிரையில் வெளியேறும் காட்சியில் குடை நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் குதிரை மட்டும் குடையில்லாமல் திரும்பும். கதை தெரிந்தவருக்கு அது போதும்.

மனித உருவப் புத்தர் சிலைகள் பரவலாக வருவது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி, காந்தாரத்திலும் மதுராவிலும். இவற்றில் எது முந்தியது என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் உருவம் செய்வதே தடை செய்யப்பட்டிருந்தது என்று பலர் உறுதியாகச் சொல்வதுண்டு. அப்படி ஒரு தெளிவான தடையைப் பழைய நூல்களில் காட்ட முடியாது.

திரிபிடகம் என்றால் ஒரே புத்தகமா? பைபிள் மாதிரி வாங்கி வீட்டில் வைக்கலாமா?

வாங்கலாம், ஓர் அலமாரியும் சேர்த்து வாங்க வேண்டும். பர்மாவின் ஆறாம் சங்கீதிப் பதிப்பு (சங்கீதி என்பது துறவிகள் கூடி நூல்களை ஓதிச் சரிபார்க்கும் கூட்டம்) 40 தொகுதிகள். அதற்கு முன்பே மாண்டலேயில் மிண்டோன் மன்னர் திரிபிடகத்தை 729 பளிங்குப் பலகைகளில் வெட்டிவைத்தார்.

மூன்று பிடகங்கள்: துறவிகளின் ஒழுங்குமுறைக்கு விநயம், போதனைகளுக்குச் சுத்தம், அவற்றின் நுண்ணாய்வுக்கு அபிதம்மம். நமக்குத் தெரிந்த பெயர்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள சுத்த பிடகத்தில் வரும். அதில் ஐந்து நிகாயங்கள். நீண்ட உரைகள் 34 கொண்டது தீக நிகாயம். நடுத்தரமானவை 152 கொண்டது மஜ்ஜிம நிகாயம். பொருள்வாரியாகத் தொகுத்தது சம்யுத்தம். எண்வரிசையில் தொகுத்தது அங்குத்தரம். ஐந்தாவதான குத்தக நிகாயத்தில்தான் தம்மபதம், புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகம், மூத்த பிக்குணிகள் பாடிய தேரிகாதை எல்லாம் இருக்கின்றன.

இதையெல்லாம் புத்தரே எழுதினாரா?

ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் மறைந்தபின் ராஜகிருகத்துச் சப்தபர்ணிக் குகையருகே துறவிகள் கூடினார்கள், புத்தரின் சீடர்களான ஆனந்தர் போதனைகளையும் உபாலி ஒழுங்குமுறைகளையும் ஒப்பித்தார்கள் என்கிறது மரபு. நூறாண்டு கழித்து வைசாலியில் இரண்டாவது கூட்டம். துறவிகள் காசு வாங்கலாமா என்பது உட்படப் பத்துக் கேள்விகளில் சண்டை. மூன்றாவது, அசோகர் காலத்தில் பாடலிபுத்திரத்தில்.

அதுவரையில் எல்லாம் வாய்ப்பாடம். ஒரே சொற்றொடர் பத்து முறை திரும்பி வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அது கண்ணுக்காகச் செய்த நூல் அல்ல, கூட்டாகச் சேர்ந்து ஓதச் செய்தது. பாலி மொழியில் உள்ள இந்த நூல்கள் ஏட்டில் ஏறியது கி.மு. முதல் நூற்றாண்டில், இலங்கையில், வட்டகாமணி அபயன் என்ற மன்னன் காலத்தில். மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரைதான் அந்த இடம் என்பார்கள். பஞ்சமும் போரும் வந்து, பாடம் அறிந்த துறவிகள் குறைந்துபோன பயம்தான் காரணம்.

புத்தர் பாலியில்தானே பேசினார்?

மகத, கோசல நாடுகளின் மக்கள் பேச்சில் பேசியிருப்பார். பாலி அதற்கு நெருங்கிய உறவு, ஆனால் அதுவேதான் என்று சொல்ல முடியாது. மேற்கு இந்தியப் பேச்சின் சாயல் பாலியில் உண்டு என்பது மொழியியலாளர்கள் கருத்து. அவரவர் பேச்சிலேயே போதனையைக் கற்கலாம் என்று புத்தர் அனுமதித்ததாக விநயத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அந்த இடத்துக்குப் பொருள் சொல்வதில் பழைய உரைகாரர்களே வேறுபடுகிறார்கள்.

அப்போ, நானூறு வருஷம் வாயால் வந்ததை எப்படி நம்புவது?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்; ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெவ்வேறு பிரிவினர் வெவ்வேறு நாட்டில் காத்த பிரதிகள் நம்மிடம் உண்டு. பாலி நிகாயங்களுக்கு இணையாகச் சீனத்தில் ஆகமங்கள் இருக்கின்றன. காந்தாரப் பகுதியில் பூர்ச்ச மரப்பட்டையில், கரோஷ்டி எழுத்தில் எழுதிய சுவடிகள் 1994-ல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தன; காலம் கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில். நமக்குக் கிடைத்த இந்தியச் சுவடிகளில் மிகப் பழையவை இந்த வகைதான். பல இடங்களில் சாரம் ஒத்துப்போகிறது. வரிசையும் விவரமும் மாறுகின்றன.

கல்லும் சாட்சி சொல்கிறது. ராஜஸ்தான் பைராட்டில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் ஏழு நூல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, துறவிகளும் இல்லறத்தாரும் அவற்றை அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் என்கிறார். அதாவது கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பெயரிட்ட போதனைகள் இருந்தன. மத்தியப் பிரதேசத்துப் பர்ஹுத் ஸ்தூபியின் வேலியில் ஜாதகச் சிற்பங்களுக்குக் கீழே கதைப் பெயரே வெட்டியிருக்கிறது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஏட்டில் ஏறியதாகச் சொல்லும் காலத்துக்கு முன்பே அந்தக் கதைகள் கல்லில் ஏறிவிட்டன. இடங்களையும் நூல்களையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதய சூத்திரம், தாமரைச் சூத்திரம் எல்லாம் திரிபிடகத்தில் தேடினேன். இல்லையே?

பாலித் திரிபிடகத்தில் இருக்காது. அவை மகாயானம் என்ற பிற்காலப் பௌத்தப் பிரிவின் நூல்கள். பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் வழங்கி, சீனத்திலும் திபெத்தியத்திலும் மொழிபெயர்ந்து பிழைத்தவை. பலவற்றின் இந்திய மூலமே போய்விட்டது. 1931-ல் கில்கித்தில் ஒரு பாழ்மேட்டில் கிடைத்த சுவடிக்குவியல்போல அபூர்வமாகச் சில மூலங்கள் திரும்பியிருக்கின்றன. சீன மொழி வைரச் சூத்திரத்தின் 868-ஆம் ஆண்டு அச்சுப் பிரதி, தேதி குறித்த அச்சு நூல்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று.

பாலித் திரிபிடகத்தைப் பின்பற்றுகிறவர்களை 'ஹீனயானம்' (தாழ்ந்த வழி) என்று சொல்வதைத் தவிருங்கள், அது எதிர்த்தரப்பு வைத்த பெயர். தேரவாதம் என்றாலே போதும்.

இத்தனை இடங்களையும் வெள்ளைக்காரர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியுமா?

பாதி உண்மை. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தார்; அசோகர் பேசத் தொடங்கியது அதன்பின்தான். கன்னிங்ஹாம் யுவான் சுவாங்கின் பயணநூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு தூரம், இந்தத் திசை என்று அளந்து அளந்து ஊர்களை அடையாளம் கண்டார். ஆகவே வழி சொன்னவர் ஒரு சீனர், அவருக்குச் சொன்னவர்கள் இங்கிருந்த துறவிகள்.

எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்பதும் சரியில்லை. பர்மியர்கள் புத்தகயாவுக்கு இடையிடையே வந்து கோயிலைப் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1870-களில் மிண்டோன் மன்னரும் ஆள் அனுப்பினார்.

கபிலவஸ்து இரண்டு இடத்தில் இருக்கிறதாமே? எதை நம்புவது?

புத்தர் வளர்ந்த சாக்கியர் நகரம் கபிலவஸ்து. அது என்று சொல்லப்படுபவை இரண்டு: நேபாளத்தின் திலௌராகோட், இந்தியாவின் பிப்ராவா. இரண்டு நாடுகளும் தங்களுடையதே என்கின்றன. திலௌராகோட்டில் மதில் சூழ்ந்த நகரத்தின் அடையாளம் இருக்கிறது. பிப்ராவாவில் ஸ்தூபியும், 'கபிலவஸ்து' என்று பொறித்த விகாரை முத்திரைகளும் கிடைத்தன. நகரம் ஓரிடம், அதன் பெயரைத் தாங்கிய விகாரை இன்னோரிடம் என்பதற்கும் வாய்ப்பு உண்டு. இதில் கட்சி சேர வேண்டாம், முடிந்தால் இரண்டையும் பாருங்கள்.

நாளந்தாவை எரித்தது யார்? மூன்று மாதம் எரிந்தது என்பது உண்மையா?

துருக்கியப் படைத்தலைவர் பக்தியார் கில்ஜியின் படை 1200 வாக்கில் பீகாரின் விகாரைகளைத் தாக்கியது உறுதி. மின்ஹாஜ் எழுதிய பாரசீக வரலாறு, கோட்டை என்று நினைத்துத் தாக்கியது தலைமழித்தவர்கள் நிறைந்த கல்விக்கூடம் என்றும், அங்கிருந்த ஏராளமான நூல்களைப் படித்துச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை என்றும் சொல்கிறது. ஆனால் அதில் நாளந்தா என்ற பெயர் இல்லை. அது பக்கத்திலிருந்த ஓதந்தபுரி, அதாவது இன்றைய பீகார் ஷெரீஃப், என்பதே பல ஆய்வாளர்களின் முடிவு. நாளந்தாவில் இருந்ததாகச் சொல்லும் மூன்று நூலகங்களின் பெயர்களும், அவை தீக்கிரையான கதையும் பிற்காலத் திபெத்திய நூல்களில் வருபவை. அக்கதையில் தீ வைப்பவர்கள் வேறு ஆட்கள். மூன்று மாதக் கணக்குக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் காட்டப்படுவதில்லை.

1230-களில் தர்மஸ்வாமின் என்ற திபெத்தியத் துறவி நாளந்தாவுக்கு வந்தார். பெரும்பகுதி பாழ். ஆனாலும் தொண்ணூறு வயதைத் தொட்ட ராகுலஸ்ரீபத்திரர் எழுபது மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். படை வருகிறது என்றதும் மற்றவர்கள் ஓட, முதியவரைத் தர்மஸ்வாமின் தோளில் தூக்கிக்கொண்டு ஒளிந்ததாக அவர் வரலாறு கூறுகிறது. ஆகவே 'யாரும் அழிக்கவில்லை' என்பதும் தவறு, 'ஒரே நாளில் எல்லாம் முடிந்தது' என்பதும் தவறு. அரச ஆதரவு குறைந்ததும் சேர்ந்தே நடந்தது. நாளந்தாவில் படியெடுத்த ஓலைச்சுவடிகள் சில இன்றும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நாளந்தாவுக்கும் நம்ம காஞ்சிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, பெருமைக்குச் சொல்வதா?

பெருமைக்கும் சொல்லலாம், ஆதாரமும் இருக்கிறது. நாளந்தாவின் புகழ்பெற்ற ஆசிரியர் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். அவருடைய மாணவர் சீலபத்திரர்தான் யுவான் சுவாங்கின் குரு. காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகவும் அதே நூல் கணக்குச் சொல்கிறது.

இன்னொரு இணைப்பு கடல்வழியாக. சுவர்ணதீவின் (சுமத்திரா) மன்னர் பாலபுத்திரர் ஒன்பதாம் நூற்றாண்டில் நாளந்தாவில் விகாரை கட்டினார். வங்க, பீகார்ப் பகுதியை ஆண்ட பால மன்னர் தேவபாலர் அதற்கு ஐந்து ஊர்களைக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அதே சுமத்திராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசின் மன்னர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரை எழுப்பியபோது, முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்கு அளித்தான். அந்தச் செப்பேடுகள் இப்போது லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரில் அறியப்படுகின்றன.

வடக்கே போக முடியாதவர்கள் இங்கேயே எதைப் பார்க்கலாம்?

முதலில் எழும்பூர் அருங்காட்சியகம். ஆந்திரத்து அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. 1797-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அமராவதிக்குப் போனபோதே ஸ்தூபியைத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். கல்லில் ஒரு பகுதி சுண்ணாம்புக்காக எரிந்தும் போனது. நாகப்பட்டினத்துப் புத்தர் வெண்கலச் சிலைகளும் எழும்பூரில் உண்டு.

பூம்புகார்ப் பல்லவனேஸ்வரத்தில் விகாரையின் அடித்தளமும் புத்தபாதமும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சேலத்தில் 'தலைவெட்டி முனியப்பன்' என்று வழிபட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மணிமேகலையைப் பௌத்த வேதநூலாக எடுத்துக்கொள்ளலாமா?

காப்பியமாக எடுத்துக்கொள்ளுங்கள், திரிபிடகத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் சாத்தனார் கதை மட்டும் சொல்லவில்லை. 29-ஆம் காதையில் அளவை இயல் வருகிறது, பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகர் வழித் தருக்கத்தோடு நெருக்கமாக. 30-ஆம் காதையில் பேதைமை தொடங்கி வினைப்பயன்வரை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகள். சுத்தங்களில் வரும் அதே பன்னிரண்டு. பள்ளியில் இந்த இரண்டு காதைகளையும் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம்.

புத்தகயா கோயில் இப்போது யார் கையில்? போராட்டம் என்று செய்தியில் பார்த்தேன்.

1949-ல் பீகார் இயற்றிய சட்டப்படி ஒரு குழுவின் கையில். நான்கு பௌத்தர், நான்கு இந்துக்கள், தலைவராக மாவட்ட ஆட்சியர். அதற்கு முன் சைவ மடத்தின் தலைவர்களான மகந்துகள் வசம் இருந்தது. 1891-லிருந்து இலங்கையின் அநாகாரிக தர்மபாலர் அதை எதிர்த்து வழக்கும் கிளர்ச்சியும் நடத்தினார். நிர்வாகம் முழுக்கப் பௌத்தர்களிடம் வர வேண்டும் என்று 2025-ல் துறவிகள் மீண்டும் போராடினார்கள். ஒரு மதத்தின் தலையாய இடத்தில் அந்த மதத்தாருக்குப் பெரும்பான்மை வேண்டும் என்பது நியாயமான கேட்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

போகும்முன் எதைப் படித்துவிட்டுப் போகலாம்? 40 தொகுதி என்று பயமுறுத்திவிட்டீர்களே.

இரண்டு போதும். தம்மபதம் 423 பாடல்தான். தமிழில் மொழிபெயர்ப்புகள் உண்டு, ரயிலிலேயே முடித்துவிடலாம். அடுத்தது தீக நிகாயத்தின் பதினாறாவது உரை, முன்னே சொன்ன மகாபரிநிப்பான சுத்தம். எண்பது வயதுப் புத்தரின் கடைசிப் பயணம் அது. ராஜகிருகத்துக் கழுகுமலையில் தொடங்கி, நாளந்தா, பாடலிகிராமம் வழியாகக் கங்கையைக் கடந்து வைசாலிக்குப் போகிறார்; அந்நகரின் கணிகை அம்பபாலியின் மாந்தோப்பில் தங்குகிறார்; பாவாவில் சுந்தன் என்ற கொல்லன் வீட்டில் கடைசி உணவு; குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கிடையே படுக்கிறார்.

பயணத் திட்டம் போடுகிறவர்கள் இந்த வரிசையிலேயே போகலாம்: ராஜ்கிர், நாளந்தா, பாட்னா, வைசாலி, குசிநகர். சாலை வசதி இருக்கிறது. வைசாலியில் வண்டி நிற்கும்போது தேரிகாதையில் அம்பபாலி தன் முதுமையைப் பற்றிப் பாடிய பாட்டையும் எடுத்துப் படியுங்கள், சின்னதுதான்.